ஆளில்லாமல் கிடந்த கட்டடம்

என் மகளுக்குப் பத்து வயதாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் ஒரு வீட்டுவேலை கொடுத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தான் பிறந்த இடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, ஒரு படமும் ஒட்டிக்கொண்டு வரவேண்டும். லண்டனில், லூயிஷாமில் அவளுடைய வகுப்பிலிருந்த பாதிப் பிள்ளைகளுக்கு அது சுலபமான வேலை. பஸ் ஏறிப்போய் ஆஸ்பத்திரியைப் படம் பிடித்தால் முடிந்தது. இவள் பிறந்தது ஜேர்மனியில், ஒரு சின்ன நகரத்தின் தெற்கே, மேட்டில் இருந்த ஒரு குடியிருப்பில். அங்கே இருந்த மூன்று வருடமும் எங்களிடம் கமரா இருக்கவில்லை.

அந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்த ஒரே ஜேர்மன்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு விதவை. நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்துமட்டை அனுப்பிக்கொள்ளும் அளவுக்கு உறவு இருந்தது. படம் ஏதும் கிடைக்குமா என்று அவருக்கு எழுதினேன். இரண்டு கிழமையில் தடித்த பொதி ஒன்று வந்தது. உள்ளே ஒரு புத்தகம். அந்தக் குடியிருப்பின் வரலாறும் புவியியலும், ஆண்டுவிழாக் கொண்டாட்டத்துக்கு அங்குள்ள ஊர்ச்சங்கம் வெளியிட்டது.

எனக்கு அன்று ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் பின்னேர ஷிப்ட். காலையில் குசினி மேசையில் வைத்து வாசிக்கத் தொடங்கினேன். நல்ல புத்தகம்தான், அதை மறுக்கமாட்டேன். ஆறு எப்படி அந்த மேட்டைச் செதுக்கியது, சிவப்புக் களிமண் எங்கிருந்து வந்தது, அதை வெட்டிச் செங்கல் சூளை எப்படி எழுந்தது என்று விபரமாக எழுதியிருந்தார்கள். மேட்டுக்கு ஏறும் செங்குத்தான தெருவுக்கே ஒரு முழுப் பக்கம். பனிக்காலத்தில் வண்டிக் குதிரைகளின் குளம்பில் சாக்குக் கட்டி ஏற்றுவார்களாம்.

அடுத்த அத்தியாயம் யுத்தத்துக்குப் பிறகு வந்தவர்களைப் பற்றியது. கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு, கைவண்டி இழுத்துக்கொண்டு வந்த ஜேர்மன் அகதிகள். சூளைத் தொழிலாளருக்கென்று கட்டிய விடுதியில் ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக இருந்து, பிறகு தாங்களே வீடு கட்டி, தெருக்களுக்குத் தாங்கள் இழந்த நகரங்களின் பெயரை வைத்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டு விதவையும் அப்படி வந்தவர்தான், அப்போது பதினாலு வயது.

பிறகு எண்பதுகள். அரைப் பக்கம். தேவாலயத்துக்குப் புதுக்கூரை போட்டது, பஸ் பாதையை நீட்டியது. கடைசியாக ஒரு வரி: பழைய தொழிலாளர் விடுதி அந்த வருடங்கள் முழுவதும் ஆளில்லாமல் கிடந்து, பின்னர் இடிக்கப்பட்டது.

ஜேர்மனைப் பிழையாக விளங்கிவிட்டேனோ என்று திரும்பவும் வாசித்தேன். பிழையில்லை.

அந்த ஆளில்லாத கட்டடத்தில்தான் நாங்கள் இருந்தோம். நாங்கள் மட்டுமல்ல, ஏறக்குறைய நாற்பது பேர், எல்லோரும் இலங்கையிலிருந்து வந்து அகதி விண்ணப்பம் போட்டிருந்த எங்கள் சனம். சமைக்க ஒரு மாடிக்கு ஒரு குசினி. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுப் பொதிக்கு வரிசை. வேலை செய்யக்கூடாது. அனுமதிக் கடதாசி இல்லாமல் அந்த வட்டாரத்தின் எல்லையைத் தாண்டக்கூடாது. போக வேறு இடமில்லாதபடியால் அந்தத் தெருக்களிலேயே நடந்து திரிந்தோம். எந்தத் தெருவில் எந்த வாசல் படலையில் நாய் நிற்கும், யார் எங்களைக் கண்டதும் யன்னலைச் சாத்துவார் என்று இன்றைக்கும் சொல்வேன். புத்தகம் எழுதியவர்களுக்கு அந்தப் புவியியல் தெரியாது.

மகள் பிறந்ததும் அங்கேதான். பனி கொட்டிய ஒரு காலை. அம்புலன்ஸ் மேட்டில் ஏறமுடியாமல் அடிவாரத்தில் நின்றுவிட்டது. என் கணவர் ஓடிப்போய் வேலிக்கு மேலால் கூப்பிட, அந்த விதவை வீட்டுச் செருப்போடு பனிக்குள்ளால் வந்தார். இரண்டாம் மாடி அறையில், முழங்காலில் இருந்து, பிள்ளையை வாங்கியது அவருடைய கைதான். பிறப்புப் பத்திரத்தில் பிறந்த இடம் என்று அந்தக் கட்டடத்தின் விலாசமே இருக்கிறது.

புத்தகத்தில் விடுதியின் படமும் இருந்தது. ஆளில்லாத கட்டடம் என்று கீழே எழுதியிருந்தார்கள். இரண்டாம் மாடி யன்னல் விளிம்பில் ஒரு நீலச் சட்டி. குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் பால் வைக்க நான் வெளியே வைக்கும் சட்டி.

வேலையால் வந்த கணவரிடம் காட்டினேன். அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றபடி பார்த்தார்.

"விடுமப்பா. அது அவங்கட புத்தகம். என்னத்தையாவது எழுதட்டும்."

"அவங்கட புத்தகத்தில எங்கட பிள்ளை பிறந்த அறை கிடக்கு. அதில ஆளில்லை எண்டு போட்டிருக்கு. நான் விடமாட்டன்."

"இப்ப லண்டனில கவுன்சில் வீட்டில இருக்கிறம். அது முடிஞ்ச கதை."

"உங்களுக்கு முடிஞ்சிருக்கும்."

மகள் அந்தப் படத்தை வெட்டித் தன் கொப்பியில் ஒட்டி, நீலச் சட்டிக்கு ஓர் அம்புக்குறி போட்டு, நான் இங்கே பிறந்தேன் என்று எழுதினாள். புத்தகத்தை வெட்டியதற்கு நான் அவளை ஏசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விதவைக்குத் தொலைபேசி எடுத்தேன். ஜேர்மன் மொழியில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அச்சுக்குப் போக முன்னம் நீங்கள் வாசித்தீர்களா?" என்று கேட்டேன்.

"எழுத்துப்பிழை பார்த்ததே நான்தான்."

"அப்படியென்றால் அந்த வரியையும் பார்த்தீர்கள்."

"பார்த்தேன்."

"என் பிள்ளையைக் கையில் வாங்கினீர்கள். அந்தக் கட்டடத்தில் யார் இருந்தது என்று உங்களுக்குத் தெரியாதா?"

"உங்களை அங்கிருந்து அனுப்பச் சொல்லிக் கையெழுத்து வாங்கியவர்களும் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். அந்த வருடங்களை எழுதினால் சண்டை வரும், கொண்டாட்டப் புத்தகத்தில் அது வேண்டாம் என்று கூட்டத்தில் கேட்டார்கள். எல்லோரும் கை உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன்."

"நீங்கள் வந்தபோது உங்களை எப்படி வரவேற்றார்கள்?"

"கதவு திறக்கவில்லை. அழுக்குச் சனம் என்றார்கள்."

"அது புத்தகத்தில் இருக்கிறதா?"

"இல்லை," என்றார். "அதையும் எழுதவில்லை."

நான் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டேன். கையெழுத்து வாங்கியவன் மறைப்பதை என்னால் விளங்கிக்கொள்ள முடிந்தது. தன்னையே மறைத்துக்கொண்டு அவனுக்குக் கை உயர்த்தியவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை.

சங்கத்துக்கு எழுதினேன். லூயிஷாம் நூலகத்தில் அகராதி எடுத்து, ஒரு மாதம் இருந்து, நாலு பக்கம். மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைத் திருத்துங்கள் என்று மட்டும் கேட்டு, பிறப்புப் பத்திரத்தின் பிரதியையும் வைத்தேன். பதில் வந்தது. எங்கள் பகுதியின் முன்னாள் விருந்தாளிக்கு என்று தொடங்கியது. என்னுடைய தனிப்பட்ட நினைவுகள் சுவாரசியமானவையாம். எல்லாப் பிரதியும் அச்சாகிவிட்டதாம். மறுபதிப்பு வந்தால் யோசிப்பார்களாம்.

விருந்தாளி. எந்த வீட்டில் விருந்தாளியின் பத்து விரலிலும் மை பூசிக் கைரேகை எடுக்கிறார்கள்? எந்த விருந்தாளிக்கு வாசல் தாண்டக் கடதாசி வேண்டும்? அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்குள் நடந்து நடந்து தமிழில் ஏசினேன். கணவர் வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் விடும் என்று சொல்லவில்லை.

அடுத்த வசந்தத்தில் விதவையிடமிருந்து கடிதம் வந்தது. சங்கக் கூட்டத்தில் எழுந்து, எல்லாப் பிரதியிலும் ஒரு திருத்தச் சீட்டாவது ஒட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார். வாக்கெடுப்பில் அவர் கை மட்டும் உயர்ந்ததாம். அன்றே விலகிவிட்டார். பிறகு தன்னுடைய பிரதியிலும் நகர நூலகத்தின் பிரதியிலும் அந்த வரியை மையால் வெட்டி, இங்கே இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் வாழ்ந்தன, ஒரு பெண்குழந்தை பிறந்தது, நான் பார்த்தேன் என்று எழுதிக் கையொப்பமும் வைத்திருக்கிறார். நூலகத்துக்காரர் தண்டம் கேட்டாராம். அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கையை உயர்த்தியது உயர்த்தியதுதான் என்று முடித்திருந்தார்.

நான் உடனே பதில் எழுதவில்லை. அவர் செய்தது பெரிய காரியம் என்று தெரியும். அந்த வயதில், அந்தத் தெருவில், தனியாக அதைச் செய்வது லேசல்ல. என்றாலும் என் கோபம் அவர் சொல்லித் தீர்கிற கோபமாக இருக்கவில்லை. மற்ற நூற்றுக்கணக்கான பிரதிகள் அந்த மேட்டு வீடுகளின் அலுமாரிகளில் அப்படியேதான் கிடக்கின்றன. பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் வீட்டுவேலை எழுதுவார்கள்.

அவருக்குப் பதில் போட ஏழு மாதம் எடுத்தது. ஒரு பக்கம்தான். தண்டக் காசைத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அது என்னுடையது என்று எழுதினார்.