வேர்க்கடலைக் கொல்லையின் மோட்டார்

கம்ப்யூட்டர் என்றால் இங்கிலீஷ்தான் என்று யார் எழுதிவைத்தது? இதைக் கேட்டுக் கேட்டே பள்ளியில் எனக்கு வாயாடி என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ஆந்திராவுக்குள் இருந்தாலும் தமிழில் பாடம் நடக்கும் அரசுப் பள்ளி. நான் கணக்கு டீச்சர். வாரம் இரண்டு நாள் கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுக்கிறேன். திரையில் வண்ண பிளாக்குகளை இழுத்து ஒன்றோடொன்று மாட்டினால் புரோகிராம் ஆகிவிடும். மூலையில் ஓர் உலக உருண்டைப் படம் இருக்கும். அதை அழுத்தி மொழியைத் தேர்ந்தெடுத்தால், பிளாக்கில் உள்ள எழுத்து தமிழாகும், தெலுங்காகும், இங்கிலீஷாகும். புரோகிராம் மாறாது.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதில் தங்கள் வேர்க்கடலைக் கொல்லையைச் செய்தாள். கரண்ட் வந்ததும் மோட்டார் ஓடும். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் பாயும். கடைசிப் பாத்தி நிறைந்ததும் அவளுடைய அப்பாவின் குரல் கேட்கும்: "போதும்மா, மோட்டார நிறுத்து! தண்ணி வழிஞ்சிக்கினு போவுது!" என் போனை வாங்கிப்போய் அப்பாவையே பேசவைத்துப் பதிவு செய்திருந்தாள்.

மண்டலக் கண்காட்சியில் தேர்வானால் திருப்பதிக்குப் போகலாம். அதற்கென்று புது ரிப்பன்கூட வாங்கிவிட்டாள்.

அங்கே மார்க் போட வந்த அதிகாரி ரசித்துத்தான் பார்த்தார். "எல்லாம் தமிழ்ல இருக்கே?" என்றார். அவள் உருண்டையை அழுத்தினாள். பிளாக்குகள் இங்கிலீஷாயின, மோட்டார் அப்படியே ஓடியது. அவர் சிரித்தார். அப்புறம் அவளுடைய அப்பாவின் குரல் வந்தது.

"இந்த வாய்ஸ் வேணாம்மா" என்றார் அதிகாரி, தெலுங்கும் தமிழுமாக. " இங்கிலீஷ்ல பெட்டு, இங்கிலீஷ்ல போடு. அப்பதான் திருப்பதிக்கு அனுப்ப முடியும்."

"மாத்திடும்மா, அஞ்சு நிமிஷ வேலைதான்" என்றேன். ஆமாம், வாயாடி நான்தான் சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அவள் மவுஸைத் தொடவே இல்லை. "எங்க நைனாவுக்கு இங்கிலீஷ் வராது மேடம். கொல்லையில அவருதான நிக்கிறாரு?"

எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. மதிப்பீட்டுப் படிவத்தை அதிகாரி பக்கம் நகர்த்தினேன்.

"புரோகிராம்ல தப்பு இருந்தா சொல்லுங்க சார், திருத்துறோம். இல்லன்னா, காரணம்னு இங்க ஒரு கட்டம் இருக்குது. நைனா தமிழ்ல பேசுறாருன்னு எழுதி கையெழுத்து போடுங்க."

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அதை எழுத்தில் போட அவருக்கு மனம் வரவில்லை. 'தேர்வு' என்ற இடத்தில் டிக் அடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

திருப்பதியில் எங்களுக்குக் கதவோரத்து மேசைதான் கிடைத்தது. மூன்றாவது முறை ஓட்டிக் காட்டும்போது, கடைசிப் பாத்தி நிறையும் நேரத்தில், கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் வந்து, சவுண்டைக் குறைக்கச் சொல்லிக் கையால் சைகை காட்டினார். புது ரிப்பனோடு அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

இந்த முறை அவளைக் காக்கவைக்கவில்லை. ஸ்பீக்கரின் குமிழைத் திருகிச் சவுண்டை முழுதாக ஏற்றினேன்.

"போதும்மா, மோட்டார நிறுத்து!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி நைனா கத்தினார்.