சக்கரபாணியின் முசேவும் காற்றுக்குமிழியும்

வெங்காயத்தை நான்காகப் பிளந்து, ஒரு துண்டின் உட்குழிவில் நகத்தை நுழைத்து, மூச்சுப் பட்டால் பறந்துவிடும் ஒரு தோலைச் சக்கரபாணி உரித்துக்கொண்டிருக்கிறார். உரித்ததைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மிச்ச வெங்காயத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். ரெட்டியார்பாளையத்தில் அவர் வீட்டுச் சாம்பாரில் மிதக்கும் வெங்காயத்துக்கெல்லாம் ஒரு தோல் குறைவு. "இஸ்கூலுல அவுத்துட்டு மீதியத்தான் எனக்குக் கொண்டாருவாரு" என்பாள் அவர் மனைவி செல்வாம்பாள்.

புதுச்சேரியின் சாரம் பகுதியில் இருக்கும் பெண்கள் பள்ளி ஒன்றில், உயிரியல் ஆய்வுக்கூடத்துக்கு அவர் உதவியாளர். அப்பா பஞ்சாலையில் நூல் பார்த்தவர். ஆலை மூடாமல் இருந்தால் மகனும் நூல்தான் பார்த்திருப்பான். மூடிவிட்டார்கள், மகன் செல் பார்க்க வந்துவிட்டான். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய மனிதர். ஆனால் செல்லுக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள், யாருக்கு என்ன வேலை என்று கேட்டால் தன் தெருவைச் சொல்வது போலச் சொல்வார்.

"நடுவுல உருண்டையா குந்திக்கினு இருக்காரு பாரு, உட்கரு, அவருதான் முசே." பிரெஞ்சுக்காரத் துரைக்குப் புதுச்சேரியில் பழைய பேர் முசே. "ஒரு வேலையும் செய்ய மாட்டாரு, எல்லாத்துக்கும் உத்தரவு போடுவாரு. வெங்காயத்துக்குச் செவுரு உண்டு, அதான் செங்கல் அடுக்குனாப்புல நிக்குது. நமக்குச் செவுரு கெடையாது, வெறும் சவ்வு. அதான் கண்டபடி தொங்கிப் போறோம். மைட்டோகாண்ட்ரியா அடுப்படி. அது இந்தக் கண்ணாடியில தெரியாது. தெரியலன்னா சோறு வேவாதா?"

வெங்காயத் தோலைப் படம் வரைந்து பச்சைப் புள்ளி வைத்த பிள்ளையைப் பிடித்துக்கொள்வார். "மண்ணுக்குள்ள கெடந்த வெங்காயத்துக்கு வெயிலு காட்டுனது நீயாம்மா? பசுங்கணிகம் எலையில இருக்கும். எலைக்குத்தான் வெயில்ல சமைக்கிற வேலை."

இதைவிட அவருக்குப் பிடித்தது வம்சம் பார்ப்பது. முப்பது வருடமாக எந்த வீட்டுப் பெண் எதைத் தப்பாக வரைந்தாள் என்பது அவருக்கு மனப்பாடம். தோலை மூடும் கண்ணாடி வில்லையை ஊசியால் தாங்கிச் சாய்வாக இறக்காமல் பொத்தென்று போட்டால் உள்ளே காற்று சிக்கிக் குமிழியாக நிற்கும். ஓரம் கறுத்த அந்த வட்டத்தைச் செல் என்று வரைந்தவர்களுக்கு அவரிடம் மன்னிப்பே இல்லை. "நீ சுமலதா மவதானே? உங்கம்மா பிள்ளைச்சாவடியிலேர்ந்து பஸ்ஸுல வந்து காத்தைப் படம் போட்டுட்டுப் போனவ. உங்க பெரியம்மா ஹேமலதா அந்தக் காத்துக்கு மூக்கும் முழியும் வெச்சா."

இப்படி ஊரின் காற்றுக்கெல்லாம் கணக்கு வைத்திருந்தவருக்குத் தீபாவளி கழிந்ததிலிருந்து வலது கண்ணில் புரை. நுண்ணோக்கியில் வைக்கிற கண் அதுதான். ஆசுபத்திரியில் அறுவை என்று சொல்லி இரண்டு மாதமாகிறது. அவர் போகவில்லை. கத்திக்குப் பயந்தது பாதி; மீதிப் பயம் வேறு. கண் தெரியாதவனை ஆய்வுக்கூடத்திலிருந்து கிளப்பிக் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் மூச்சு விடவில்லை. நுண்ணோக்கியின் திருகைக் கீழே மூன்று சுற்று, மேலே அரைச் சுற்று என்று கை எண்ணிக்கையிலேயே வைத்துவிட்டு, "வந்துட்டாரு முசே, பாத்துக்க" என்று நகர்ந்துவிடுவார். பெரும்பாலும் முசேவும் வந்துவிடுவார்.

ஒன்பதாம் வகுப்புச் செய்முறைத் தேர்வன்று வரவில்லை. சுமலதாவின் மகள் சுடர்விழி குனிந்து பார்த்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தாள்.

"அண்ணா, செவுரே காணோம். வட்டமா இருக்கு. ஓரம் கறுப்பா."

"உங்க வீட்டுக்கே அது வழக்கம். தள்ளு."

கண்ணை வைத்தார். மோரைத் துடைத்த கண்ணாடி போல ஒரு வெள்ளை. திருகினார். இன்னொரு வெள்ளை. "செல்லுதான். வரை" என்றார்.

"இல்லண்ணா, ஊசியால தட்டினா ஆடுது."

மேசைக்கு வந்த உயிரியல் டீச்சர் மாலா குனிந்து பார்த்தாள். "காத்துக்குமிழி. சுடர், ஸ்லைடு போடுறப்ப கவனமா இருக்கணும்னு எத்தன தடவ சொன்னேன்?" அவள் பேனா மதிப்பெண் தாளுக்கு இறங்கியது.

பிள்ளை பென்சிலைக் கீழே வைத்தாள். சக்கரபாணி வாயைத் திறந்திருக்க வேண்டாம். அந்தக் குடும்பத்தின் காற்றுக்கணக்கில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கலாம்.

"மிஸ், இந்தப் புள்ள போட்ட ஸ்லைடுல தோலு நல்லாத்தான் இருக்கும். ஓரத்துல ஒரு குமிழி நின்னா நிக்கட்டும். அதைத் தேடிப் புடிச்சு செல்லுன்னு காட்டுனது நானு. எனக்குத் தெரியல."

மாலா ஸ்லைடை இம்மி நகர்த்தினாள். செங்கல் அடுக்கு வந்தது, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முசே. பிள்ளையைப் பார்க்கச் சொல்லிவிட்டு இவரிடம் திரும்பினாள்.

"எத்தன நாளாண்ணே?"

"தீவாளிலேர்ந்து."

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"வெங்காயத்தோலு உரிக்கிறாப்புல உரிச்சு எடுத்துட்டு வேற கண்ணாடி வெச்சுடுவாராம். உரிக்கிறது நானா இருந்தா பயமில்ல மிஸ்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாலா சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கேட்டுல குந்த வெச்சுடுவீங்களா?"

"பதினஞ்சு நாளு லீவு எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் லேபு சாவிய நானே வெச்சுக்கறேன். வந்து வாங்கிக்குங்க."

சக்கரபாணி சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்க்கச் சற்று நேரம் பிடித்தது. விடுப்புக் கடிதத்தை மாலாவே எழுதினாள். பேனாவை அவர் கையில் கொடுத்ததும் அவர் தாளை முகத்துக்கருகே தூக்கினார், விளக்கின் பக்கம் சாய்த்தார், மறுபடி மேசையில் வைத்தார். மாலா, கையெழுத்து தொடங்க வேண்டிய இடத்தில் தன் ஆள்காட்டி விரலை ஊன்றினாள். அவர் இடது கையால் அந்த விரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அதை ஒட்டிச் 'சக்கரபாணி' என்று எழுத ஆரம்பித்தார்.