பாலத்துக்கு மேலே நின்ற அலை

ஞானமுத்து தமது நாற்பத்தைந்தாவது வயதில் பலகை ஏறக் கற்றுக்கொண்டார்.

பசுமலையில் ஒரு மிஷன் பள்ளியில் அவர் எழுத்தர். மூக்குக்கண்ணாடி, முன்தள்ளிய வயிறு, சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. இரைந்து பேசி யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் 1980ஆம் ஆண்டில் சனிக்கிழமைதோறும் மதியம், என்.சி.சி. அறையில் கேட்டு வாங்கிய பழைய காக்கி டிரவுசரை மஞ்சள் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினார். பள்ளியில் கூட வேலை பார்த்த எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. காரணம் தெரிந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவருடைய ஊர் வாடிப்பட்டிக்கு வடக்கே, கால்வாய்க் கரையில் இருந்தது. ஊருக்குப் பக்கத்தில் கால்வாயின் தரை ஓர் ஆள் உயரத்துக்குச் சட்டென்று இறங்கும். மதகைத் திறந்தால் தண்ணீர் அங்கே விழுந்து, அடியில் மோதி, மறுபடி எழும். எழுந்த தண்ணீர் நகராது. அதே இடத்தில் காளையின் திமில்போலப் புடைத்து நிற்கும். மதகுத் தூணில் வடத்தைக் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு பழைய பலகையைப் போட்டு அந்தத் திமிலின்மேல் நிற்பதுதான் பலகை ஏறுவது. காலடியில் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும். நிற்பவன் நின்ற இடத்திலேயே இருப்பான். கடற்கரையைக் கண்ணால் பார்த்திராத பையன்கள் தாங்களாகக் கண்டுபிடித்த விளையாட்டு.

அதற்கு நூறு அடி கீழே ஒரு பாலம். பாலத்துக்கு மேலே ஊர் குளிக்கும். பாலத்துக்குக் கீழே காலனி குளிக்கும். இதை எந்தச் சுவரிலும் யாரும் எழுதி வைக்கவில்லை. கால்வாய் அரசாங்கத்துடையது. தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடுவது இயற்கை. ஊர் குளித்து, மாடு கழுவி, கழித்து அனுப்பிய தண்ணீரில்தான் காலனி முகம் கழுவ வேண்டும் என்பது இயற்கை அல்ல. மனிதன் திட்டம் போட்டுச் செய்த அயோக்கியத்தனம். இதிலிருந்து தப்பிக்கலாம் என்று நம்பித்தான் ஞானமுத்துவின் தாத்தா கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தார். குடும்பத்தில் எல்லாருடைய பெயரும் மாறியது. குளிக்கும் இடம் மாறவில்லை. வேதக்கோயிலிலும் பின்வரிசைதான் கிடைத்தது.

சிறுவயதில் ஞானமுத்துவும் அவர் தங்கை இன்னாசியம்மாளும் பாலத்துக்குக் கீழே கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, மேலே ஊர்ப் பையன்கள் பலகை ஏறுவதைப் பார்ப்பார்கள். அண்ணன் நீந்தப் பழகியது அந்தக் கலங்கல் தண்ணீரில்தான். தங்கைக்கும் அவரே பழக்கினார். பலகை மட்டும் இருவருக்கும் எட்டாததாகவே இருந்தது. அவர் படித்து மதுரைக்கு வந்தார். தங்கை அங்கேயே வாழ்க்கைப்பட்டு நாற்று நடப் போனாள்.

முப்பது வருடம் கழித்து, அந்தப் பையன்களில் ஒருவர் பள்ளி அலுவலகத்து வாசலில் வந்து நின்றார். பெயர் மலையாண்டி. பொதுப்பணித்துறையில் லஸ்கர் வேலை. மதகு திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. மகனுடைய சான்றிதழில் பிறந்த தேதி தப்பாக இருந்தது. மூன்று முறை அலைந்து ஓய்ந்திருந்தார். ஞானமுத்து அன்று மாலைக்குள் திருத்திக் கொடுத்தார்.

"சார், உங்களுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க. செஞ்சுருவோம்" என்றார் மலையாண்டி.

"பலகை ஏறணும்."

"யாரு, உங்க மகனா?"

"நாந்தேன்."

மலையாண்டி அவருடைய வயிற்றைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். யாரென்று அப்போதுதான் பிடிபட்டது. "பாலத்துக்குக் கீழ நிப்பீகளே..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். "சனிக்கிழமை வாங்க."

முதல் இரண்டு வாரமும் ஞானமுத்து பலகையில் நின்றதைவிடத் தண்ணீர் குடித்ததுதான் அதிகம். வடம் உள்ளங்கையைத் தேய்த்துப் புண்ணாக்கியது. திங்கட்கிழமை பேனா பிடிக்க முடியாமல், ஊதிய உள்ளங்கையை மேசைமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், காலப் பாக்காதீக. கால் எங்கயும் ஓடிராது. மதகப் பாருங்க" என்று கரையிலிருந்து கத்துவார் மலையாண்டி. "முட்டிய மடக்குங்க. அம்புட்டு மடக்காதீக, அது ஆபீஸ் நாற்காலி இல்ல!"

மூன்றாவது வாரம் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் விருமாண்டி உட்கார்ந்திருந்தார். ஊரில் எந்தப் பேச்சானாலும் அவர் சொல்வதுதான் கடைசிப் பேச்சு. ஞானமுத்து தண்ணீரிலிருந்து ஏறி வரும்வரை காத்திருந்து, மரியாதையாகத்தான் பேசினார்.

"சாரு, நீங்க படிச்சவுக. டவுனாளு. நீங்க ஒருத்தரு ஏறுறதுல இங்க யாருக்கும் வருத்தமில்ல. அதச் சாக்கா வச்சு காலனி ஆளுக பின்னாடியே வந்துரக் கூடாது. அம்புட்டுத்தேன்."

ஞானமுத்து தலையை ஆட்டினார். "சரிங்கண்ணே" என்றும் சொன்னார்.

பிற்பாடு இதை என்னிடம் சொல்லும்போது அவர் காரணங்களும் சொன்னார். முதலில் கற்றுக்கொள்வோம், பிறகு சண்டை போடுவோம் என்று நினைத்தாராம். மலையாண்டிக்குத் தொல்லை வரக்கூடாது என்றும் நினைத்தாராம். எல்லாம் சொல்லிவிட்டு, "அவரு என்னைச் சாருன்னாரு. அது நல்லா இருந்துச்சு" என்றார். மற்றதையெல்லாம் நான் மறந்தாலும் இதை மறக்க முடியாது. சாதி எப்போதும் தடியோடு வருவதில்லை. சில சமயம் ஒருவனை மட்டும் தேர்ந்தெடுத்து, அவனுக்கு நாற்காலி போட்டு, அவன் கையாலேயே கதவைச் சாத்தச் சொல்கிறது. சாத்துகிறவன் நல்லவனாக இருப்பதால் கதவு திறந்துவிடுவதில்லை.

ஐந்தாவது சனிக்கிழமை அவர் ஈர டிரவுசரோடு பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தபோது இன்னாசியம்மாள் எதிரே வந்தாள். தலையில் புல்லுக்கட்டு. முப்பத்தெட்டு வயது, மூன்று பிள்ளைகள் பெற்றவள்.

"அண்ணே, நானும் ஒருக்கா ஏறிப் பாக்குறேன்" என்றாள்.

அவர் விளையாட்டாக எடுத்துக்கொண்டதுபோல் சிரித்தார். "உனக்கு எதுக்கு ஆத்தா? வடம் கையக் கிழிச்சிரும்."

"இந்தக் கையவா?" என்று ஒரு கையை நீட்டினாள். அரிவாள் தழும்புகள் இருந்தன.

"சேலையோட எப்படி ஏறுவ?"

"சேலைய வரிஞ்சு கட்டிக்கிட்டு நாள் முழுக்கச் சேத்துல நிக்கிறேன். இதுக்கு மட்டும் அவுந்துருமா?"

"அடுத்த வருசம் பாப்போம், இன்னாசி."

அவள் புல்லுக்கட்டை ஒரு கையால் சரிசெய்துகொண்டாள். "யாருகிட்ட கேக்கணும்ண்ணே?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவர் நின்றார். வழக்கம்போல் பலகை முதலில் ஆடியது, வடம் விறைத்தது. பிறகு ஆட்டம் அடங்கியது. தண்ணீரின் இரைச்சலும் மலையாண்டியின் கூச்சலும் எங்கோ விலகிப் போயின. எத்தனை நேரம் நின்றார் என்று அவருக்குத் தெரியாது. ஊர்க்காரர்கள் பாலத்தில் கூடிவிட்டார்கள். "சாரு நின்னுட்டாருப்பா!" என்று விருமாண்டி கை தட்டினார். ஞானமுத்து ஒரு கையை விட்டுப் பார்த்தார், அப்போதும் விழவில்லை.

மெல்லத் திரும்பிப் பார்த்தபோது பாலத்தின் வளைவு வழியாகக் கீழே காலனிப் பெண்கள் தெரிந்தார்கள். இன்னாசியம்மாள் குனிந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துணி கல்லில் விழும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. அவள் நிமிரவில்லை என்றுதான் அவர் நினைத்தார். அந்த நொடியில் பலகை வழுக்கிற்று.

அதன்பின் அவர் சனிக்கிழமைகளில் ஊருக்குப் போகவில்லை. மறு வருடம் தங்கையைக் கூட்டிப்போய் எல்லார் கண்முன்னாலும் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். என்னிடமும் சொன்னார். "கோர்ட்டுக்கு இழுத்தாலும் சரி, ஏத்திருவேன்" என்றார். நான் நம்பினேன். அவரும் நம்பினார். ஆனால் மறு வருடம் தணிக்கை வந்தது, கையோடு மகளுக்குக் கல்யாணம் வந்தது. அதற்கடுத்த வருடம் மழை பொய்த்து, கால்வாயில் ஆடு மேய்ந்தது. அநியாயத்துக்கு ஒத்துக்கொள்ள அரை நிமிடம் போதுமாயிருந்தது. அதைத் திருத்த அவருக்கு மூன்று வருடமும் போதவில்லை.

1983இல் தண்ணீர் திறந்தார்கள். முதல் வாரமே ஞானமுத்து காலனிக்குப் போனார். வீட்டு வாசலில் நின்று, "வா இன்னாசி, போவோம்" என்றார்.

"எங்க?"

"பலகை ஏற."

அவள் ஏதும் கேலி பேசவில்லை. உள்ளே போய்ப் பழைய சேலை ஒன்றை இறுக வரிந்து கட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் ஊர்த் தெரு வழியாகவே நடந்து போனார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். விருமாண்டி எழுந்து நின்றார், பாலம் வரைக்கும் பின்னாலேயே வந்தார். ஞானமுத்து தயாராக இருந்தார். அன்று அவர் யாருக்கும் தலையாட்டியிருக்கமாட்டார்.

அதற்குத் தேவை ஏற்படவில்லை. தண்ணீர் இல்லாத மாதங்களில் கால்வாய்க்கு சிமெண்டு பூசியிருந்தார்கள். பள்ளம் இருந்த இடத்தில் நீண்ட சரிவு. தண்ணீர் அதில் எண்ணெய்போல வழுக்கி, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. திமிலைக் காணோம். மலையாண்டி மதகுத் தூணருகே நின்றிருந்தார்.

"போன சித்திரையிலயே இடிச்சுட்டாக சார். பலகை எங்க வீட்டு ஆட்டுக்கொட்டகைக்குக் கதவாக் கெடக்கு" என்றார்.

விருமாண்டி சிரித்துவிட்டுத் திரும்பிப் போனார். இனி அங்கே யார் ஏறினாலும் அவருக்குக் கவலையில்லை.

அண்ணனும் தங்கையும் கரையில் உட்கார்ந்தார்கள். அவள் கேட்டாள்.

"நின்னப்ப எப்படிண்ணே இருந்துச்சு?"

"பெருசா ஒண்ணுமில்ல. தண்ணி ஓடும், நாம நிப்போம். அம்புட்டுத்தேன்."

"பொய் சொல்லாத. அன்னைக்கு நிமிந்து உன் மூஞ்சியப் பாத்தேன்."

அவள் எழுந்து, வரிந்து கட்டியிருந்த சேலையைத் தளர்த்திவிட்டுக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு நடந்தாள்.