உழவாரனின் கால்கள்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. தினமும் காலையில் பால்கனியில் ஒரு பிடி சோறு வைப்போம். ஒரு மைனா வந்து தின்னும். போன ஐப்பசியில், இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், சோற்றுக்குப் பக்கத்தில் ஓர் உழவாரன் குருவி கிடந்தது. அரிவாள் போன்ற இறக்கைகளோடு கோபுரத்தைச் சுற்றிக் கூட்டமாகப் பறக்குமே, அதுதான். அதைத் தரையில் நான் பார்த்ததே இல்லை.

எழ முயன்றது, முடியவில்லை. வயிறு தரையில் உரச, இறக்கைகளை அடித்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தது. அந்நேரம் மைனா வந்து இறங்கி, ஆய்வுக்கு வந்த அதிகாரி போல நடந்துபோய்ச் சோற்றைக் கொத்தியது. மைனா நடக்கிறது, இது நடக்கவில்லை. ஆகவே கால் ஒடிந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். ஓய்வுபெறும் வரை துவாக்குடியில் பொறியியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன் நான். இவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

"ரெண்டு காலும் ஒரே நேரத்துலயா ஒடியும்?" என்றாள் மனைவி.

"உனக்குத் தெரியாது, சும்மா இரு."

"சரிங்க டாக்டர்."

ஈர்க்குச்சியைப் பிளந்து, தையல் நூலால் இரண்டு கால்களிலும் வைத்துக் கட்டினேன். செருப்புப் பெட்டியில் துணி விரித்துப் படுக்க வைத்தேன். அலகில் சோற்றை வைத்தால் வாயே திறக்கவில்லை. பறந்துகொண்டே பூச்சி பிடித்துத் தின்னும் பறவைக்குச் சோறு எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை. மதியத்துக்குள் கண்களை மூடிக்கொண்டது. செத்தால் கொன்றவன் நான்தான். மனைவி பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நூல் இறுக்கமோ என்று பயந்து கட்டுகளை வெட்டி எடுத்தேன். காலில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. கத்தரியைக் கீழே வைப்பதற்காகப் பறவையைச் சட்டையோடு அணைத்துக்கொண்டேன். அது நகங்களால் துணியைப் பற்றிக்கொண்டு, நெஞ்சிலிருந்து தோள்வரை செங்குத்தாக ஏறியது. அந்தப் பிடியை மைனாவின் கால்களில் நான் கண்டதில்லை. இதனுடையவை சுவரிலும் கோபுர இடுக்கிலும் தொற்றிக்கொள்வதற்கான கால்கள். நடப்பதற்கானவை அல்ல. தரையிலிருந்து எழும்பத்தான் அதனால் முடியவில்லை, உயரத்திலிருந்து விட்டால் பறக்கக்கூடும். ஒடியாத கால்களை மணிக்கணக்கில் கட்டி வைத்திருந்தேன்.

பால்கனிக்குப் போய், கம்பிக்கு வெளியே கையை நீட்டி விரித்தேன். கொஞ்ச நேரம் உள்ளங்கையிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு விழுந்தது. பறக்கவில்லை, விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏங்க, கண்ணத் தொறங்க. கீழ இல்ல, அங்க பாருங்க."

எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அது ஏறிக்கொண்டிருந்தது. ஒருமுறை வளைந்து, கூட்டத்தோடு கலந்தது. அதன் பிறகு எது என் குருவி என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"தப்புப் பண்ணிட்டேன். நீ கேட்டப்பவே யோசிச்சிருக்கணும்" என்றேன்.

அவள் தட்டில் சாதம் போட்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க. ஆனா ஒண்ணு, எனக்கு முட்டி வலிச்சா இனிமே உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."