ராயபுரத்துக்காரனுக்கு நீச்சல் தெரியாது

காலை ஐந்தேகாலுக்கு மத்ராவிலிருந்து கிளம்பினோம். 2002, அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை. மஸ்கட்டில் வார விடுமுறை. வண்டி ஸாலிமுடையது. துறைமுகத்தில் லாரி ஓட்டும் ஓமான்காரர், இந்தி நன்றாகப் பேசுவார். போகவர மூன்று பேருக்குமாகப் பதினைந்து ரியால். மலைமேல் எங்களை இறக்கிவிட்டுச் சுற்றுவழியாகப் போய், பள்ளத்தாக்கின் கீழ்வாயில் காத்திருப்பது அவர் வேலை. நடுவிலிருக்கும் பாறை இடுக்கைக் கயிறு கட்டி இறங்கியும் நீந்தியும் கடப்பது எங்கள் வேலை.

‘எங்கள்’ என்று எழுதிவிட்டேன். வேலை தெரிந்தவர்கள் மற்ற இருவர்தான். செல்வத்துக்குச் சென்னையில் எர்ணாவூர், துறைமுகத்தில் கயிறும் கப்பியும் ஆள்கிற கலாசி. டில்லிபாபுவுக்கு எம்.கே.பி. நகர், கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டுபவன். ஊர் திரும்பிய வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் தன் மலைக்கயிறுகளை இவர்களிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பதினோரு முறை அந்த இடுக்கில் இறங்கிக் கடந்தவர்கள். நான் ஸ்டோர் கிளார்க். நான் தூக்கிய கனமான பொருள் ரிஜிஸ்டர்தான்.

நான் போக ஆசைப்பட்டதற்குக் காரணம் தண்ணீர். ஊரை விட்டு இரண்டு வருஷம் நான்கு மாதம் ஆகியிருந்தது. “உள்ள தண்ணி பச்சையா கீது மாமு, சும்மா கெடந்தாலே போதும்” என்று டில்லிபாபு சொல்லச் சொல்ல எனக்கு ராயபுரத்துக் கடல் ஞாபகம் வந்துவிட்டது. நீச்சல் தெரியுமா என்று அவன் கேட்டபோது செல்வம்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னான். “ராயபுரத்துக்காரனாண்ட கேக்கற கேள்வியா இது? மீன்குஞ்சுக்கு நீச்சல் கத்துக் குடுப்பியா?” நான் சிரித்து வைத்தேன். எனக்கு நீச்சல் தெரியாது.

எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் ஏழு வயதில் அலையோடு போய்விட்டான். நான் அப்போது அம்மாவின் வயிற்றில். பிறக்கப் போகும் பிள்ளையைக் கடலில் இறக்குவதில்லை என்று அம்மா மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். தெருப் பையன்கள் எல்லாரும் குதித்துக் கும்மாளமிட, அவர்களுடைய சட்டைக்கும் செருப்புக்கும் காவல் இருந்தவன் நான். வீட்டிலிருந்து நாற்பது அடி தூரத்தில் இருந்த கடலை முழங்காலுக்கு மேல் நான் அறிந்ததில்லை. ஏங்கி ஏங்கிப் பார்த்ததோடு சரி.

மணி ஆறேகால். பர்காவில் வண்டியை நிறுத்தினோம். எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மலையாளி ஓட்டலில் பரோட்டா நூறு பைசா, டீ ஐம்பது. ஸாலிம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் மலையையே பார்த்தார். மலைக்கு மேல் கையகல மேகம் இருந்தாலும் இறங்கக் கூடாதாம். எங்கோ பெய்யும் மழை அரைமணியில் இடுக்கில் பாய்ந்து ஆளை அடித்துக்கொண்டு போகுமாம். மேகம் இல்லை. இருந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

அவாபியைத் தாண்டியதும் தார்ச்சாலை முடிந்தது. அதற்கப்புறம் முப்பது கிலோமீட்டருக்கு மேல் கல்லும் மண்ணும்தான். புல் பூண்டு இல்லாத மொட்டை மலை. காய்ந்த ரொட்டி நிறம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டியவன் நான். அந்தப் புகையும் ஹாரனும்கூட வேண்டும்போல் இருந்தது அங்கே. எட்டே முக்காலுக்கு இடுக்கின் தலைவாயில் வந்தது. எங்களை விட்டுவிட்டு ஸாலிம் போனார். வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் காதில் ஒன்றுமே விழவில்லை.

முதல் இறக்கம் முப்பதடி. கீழே பச்சைத் தண்ணீர். டில்லிபாபு ஒரு நிமிஷத்தில் இறங்கி, நீந்திப்போய் எதிர்ப்பாறையில் குந்திக்கொண்டான். அடுத்து என்னை இடுப்பில் கட்டிச் செல்வம் மேலிருந்து விட்டான். இறக்கச் சொல்ல ‘ஆரியா’, தூக்கச் சொல்ல ‘ஆவீஸ்’. துறைமுகத்தில் மூட்டைக்கும் இரும்புக்கும் சொல்லுகிற சொற்கள். அன்றைக்கு மூட்டை நான். “ஆரியா… ஆரியா…” என்று டில்லிபாபு கீழிருந்து குரல் கொடுக்க, கயிறு இளகிக்கொண்டே வந்தது. தண்ணீருக்கு ஓர் ஆள் உயரம் இருக்கையில் எனக்கு உதறல் எடுத்துவிட்டது.

“ஆவீஸ்! ஆவீஸ்!” என்று கத்தினேன்.

கயிறு நின்றது. “இன்னாடா?” என்றான் செல்வம்.

“நீச்சல் தெரியாது.”

டில்லிபாபு சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “ரெண்டு மாசமா ராயபுரம் ராயபுரம்னு பீலா உட்டுக்கினு இருந்தியேடா” என்றான். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் தெரிந்தது.

அந்தரத்தில் தொங்கிக்கொண்டே அண்ணன் கதையையும் அம்மாவின் நேர்ச்சையையும் சொன்னேன். அப்படிச் சொல்ல நேர்ந்த இடம் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பிறகு செல்வம் சொன்னான்: “இப்ப மேல வர்றதுன்னா வா. இஸ்துக்கறேன். நாங்களும் உன்னோட சுத்துவழில நடந்தே வந்துர்றோம், ஒரு பேஜாரும் இல்ல. ஆனா நான் எறங்கிக் கவுற உருவிட்டா அப்பால திரும்ப முடியாது. ஆறு எடத்துல நீந்தணும். யோசிச்சுச் சொல்லு.”

யோசித்தேன் என்று சொன்னால் பொய். பச்சைத் தண்ணீர் என் காலுக்குக் கீழே அசையாமல் கிடந்தது. முப்பத்தொரு வருஷத்து ஏக்கம் எனக்கு. ஊருக்குப் போனாலும் அங்கே இனி இறங்க இடமில்லை. கடல் அரிக்கிறதென்று கரையெல்லாம் கருங்கல்லைக் கொட்டிவிட்டார்கள். அம்மாவின் முகம் வந்தது. அதையும் மீறித்தான் வாயைத் திறந்தேன்.

“ஆரியா” என்றேன்.

தண்ணீர் சில்லென்று ஏறி மூக்கு வழியாகத் தலைக்குள் போனது. நெற்றிக்குள் தீ வைத்ததுபோல் எரிந்தது. மூச்சுக்குத் திணறினேன். கை எதைப் பிடிப்பதென்று தெரியாமல் அலைந்தது. டில்லிபாபு குதித்து என் முடியைப் பிடித்துத் தூக்கினான். எத்தனை வினாடி என்று அவனைக் கேட்டால் மூன்று என்பான். எனக்கு அது போதும்.

செல்வமும் இறங்கி வந்து கயிற்றை உருவிக்கொண்டான். அவர்கள் கொண்டுவந்திருந்த ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைக் காலி செய்து என் விலாவுக்கு இருபுறமும் கட்டினார்கள். “இடுப்பத் தூக்கு. காத தண்ணிக்குள்ள வை. வானத்தப் பாரு. நான் கீறேன்” என்றான் டில்லிபாபு. மல்லாந்தேன். இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு பக்கத்துப் பாறையும் தொடும். மேலே வானம் பாவாடை நாடா அகலத்துக்குத் தெரிந்தது. காது தண்ணீருக்குள் போனதும் ஒரு சத்தம் கேட்டது; எங்கள் வீட்டில் தரையில் படுத்தால் கேட்கிற அதே கடல் முழக்கம். அழுதேன். தண்ணீரில் அழுவதில் ஒரு சௌகரியம், யாருக்கும் தெரியாது.

ஆறு மடுவையும் கடந்தேன். ஐந்தில் என்னை இழுத்தார்கள். கடைசியில் கேனோடு நானே கையடித்துக் கரை சேர்ந்தேன். கீழ்வாயிலுக்கு வரும்போது மணி மூன்று. ஸாலிம் பேரீச்சம்பழமும் காவா என்கிற ஓமான் காப்பியும் வைத்திருந்தார். என் முழங்கால் இரண்டும் தோல் உரிந்திருந்தன.

நான்கரைக்கு அவாபியில் ஒரு டெலிபோன் பூத். மூன்று ரியால் கார்டு. ஊரில் ஆறு மணி. பக்கத்து மளிகைக்கடை நம்பருக்குப் போட்டு, அம்மாவைக் கூட்டிவரச் சொல்லிக் காத்திருந்தேன். மறைக்க நினைத்துத்தான் போன் செய்தேன். முடியவில்லை.

“தண்ணில எறங்கினேம்மா.”

“எம்மாம் ஆழம்?” என்றாள்.

“ரெண்டாள் ஒசரம்.”

“உப்பா, நல்ல தண்ணியா?”

“நல்ல தண்ணிதான். மலைத் தண்ணி.”

“அப்போ மாதா கோச்சுக்க மாட்டா. நான் கடலத்தான் சொன்னேன்.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேர்ச்சையில் இப்படி ஓர் ஓட்டை இருப்பது தெரிந்திருந்தால் முன்பே மாநகராட்சி நீச்சல்குளத்தில் கற்றுக்கொண்டிருப்பேனே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் குரலை இறக்கி, கடைக்காரருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டாள்.

“நைனா, தலை உள்ள போச்சா?”

“போச்சும்மா. கொஞ்ச நேரம்.”

“அப்போ வலிச்சுதா?”

அவள் கேட்டது என்னைப் பற்றி அல்ல. முப்பத்திரண்டு வருஷமாக யாரிடம் கேட்பதென்று தெரியாமல் வைத்திருந்திருக்கிறாள். மூக்கும் தொண்டையும் அப்போதும் எரிந்துகொண்டிருந்தன.

“இல்லம்மா,” என்றேன், “ஒண்ணுமே வலிக்கல. தூங்கற மாதிரி இருந்துச்சு.”

“செரி” என்றாள் அம்மா. “செரி நைனா. போய்த் துண்ணு.”