வாசலில் காணாமல் போன செருப்பு

பிள்ளைகளே, போன தவக்காலத்தில் என் வேலை போய்விடும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை.

நான் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். கால் முறிந்த பிறகு ஓட்ட முடியவில்லை. பத்தாவது படித்த எனக்கு, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்று கிடைத்தது. மருந்து அனுப்புகிற கம்பெனி. போனில் பேசுகிறவர்கள் சொல்லும் மருந்தையும் விலாசத்தையும் கேட்டு, கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். காதில் ஹெட்போனை மாட்டினால் கவனம் சிதறக் கூடாது.

எனக்குச் சிதறியது. எங்கள் வீடு தலத்தெருவில். என் மனைவி திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜுக்கு வேலைக்குப் போய்விடுவாள். மகள் ஜெனி பள்ளிக்கூடம் போய்விடுவாள். கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும் உட்காருவேன். ஆனால் தெருவே வந்து கதவைத் தட்டும்.

"அண்ணே, சும்மாதானே இருக்கீங்க? சிலிண்டர் வந்தா வாங்கி வச்சிருங்கண்ணே" என்பாள் எதிர்வீட்டு மல்லிகா.

"ஆரோக்கியம், நம்ம மோட்டாரு தண்ணி எடுக்கலப்பா. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்" என்பார் பக்கத்து வீட்டு மாமா.

முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. யாரும் தட்டாத நேரத்திலும், அடுத்து யார் வருவார்களோ என்று ஒரு காது வாசலிலேயே கிடக்கும்.

அப்படித்தான் ஓர் அம்மாவின் சர்க்கரை மருந்து வேறு ஊருக்குப் போய்விட்டது. விலாசத்தைத் தப்பாக அடித்தவன் நான். அந்த அம்மா போனில் அழுதார். மேலதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார். "சார், இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை சாயந்தரம் கோயிலில் அந்தோணியார் நவநாள் செபத்துக்குப் போனேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் என்று மறைக்கல்வியில் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். முழங்கால் போட முடியாமல் நின்றபடியே அழுதேன். "ஐயா, என் கவனம் தொலைஞ்சு போச்சு. ஆண்டவர்கிட்ட கேட்டு வாங்கிக் குடுங்க."

வெளியே வந்தால், கழற்றிப் போட்ட செருப்பைக் காணோம்!

வெறுங்காலோடு நொண்டிக்கொண்டு வீடு வந்தேன். ஜெனி விழுந்து விழுந்து சிரித்தாள். "தேடித் தர்றவர்கிட்டயே போயி தொலைச்சிட்டு வந்திருக்கியேப்பா!" எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்டவர் என் செபத்தைக் கேட்கவே இல்லை என்று நினைத்தேன்.

மறுநாள் ஹெட்போனை மாட்டினேன். ஒருவரும் தட்டவில்லை. மதியம் ஆனது. அப்போதும் இல்லை. மெதுவாக என் காது வாசலை விட்டு வந்தது. ஒவ்வொரு விலாசத்தையும் திருப்பிச் சொல்லிக் கேட்டு அடித்தேன். ஒரு தப்புகூட இல்லை. ஏன் இத்தனை அமைதி என்றுதான் புரியவில்லை.

வேலை முடிந்து கதவைத் திறந்தேன். எதிரே மல்லிகா.

"எங்கண்ணே போயிருந்தீங்க? வாசல்ல செருப்பே இல்ல. ஆள் இல்லபோலன்னு திரும்பிட்டேன். மாமாவும் பாத்துட்டுப் போயிட்டாரு."

என் வெறுங்காலைக் குனிந்து பார்த்தேன். நான் கேட்டதை ஆண்டவர் என் காலடியிலிருந்தே எடுத்துக் கொடுத்திருக்கிறார்! பொய் சொல்ல மனசு வரவில்லை. உள்ளேதான் இருந்தேன் என்றேன். இன்ன வேலை பார்க்கிறேன், தப்பு செய்தால் ஒரு நோயாளிக்கு மருந்து போய்ச் சேராது என்று அன்றுதான் முதல்முறையாகச் சொன்னேன்.

"அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? காதுல மாட்டிக்கிட்டுப் பாட்டு கேக்குறீங்கன்னுல்ல நெனச்சோம்!"

அடுத்த செவ்வாய்க்கிழமை, கோயில் வாசலில் கழற்றிய இடத்திலேயே என் செருப்பு கிடந்தது. யாரோ தெரியாமல் போட்டுக்கொண்டு போய், திரும்பக் கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள். இப்போது சிலுவை அடையாளம் போட்டுவிட்டு வேலைக்கு உட்காரும்போது, செருப்பையும் உள்ளே எடுத்து வைத்துவிடுவேன். முடிந்ததும் வாசலில் போடுவேன். "அண்ணன் ஆபீஸ்லேர்ந்து வந்துட்டாருங்கோ!" என்று மல்லிகா தெருவுக்கே கேட்கச் சொல்வாள். மாமாவின் மோட்டாரைப் பார்க்க அப்போது போவேன். வேலையும் நிலைத்தது. சோறும் இறங்குகிறது. ஆண்டவருக்கு நன்றி.

பிள்ளைகளே, படிக்க உட்கார்ந்தால் மனசு ஓடுகிறதா? வெட்கப்படாமல் அவரிடம் சொல்லுங்கள். எந்த வழியில் தர வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். எதையாவது எடுத்துக்கொண்டால்கூட, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

இதை எழுதும்போது எங்கள் வாசலில் ஜெனியின் செருப்பும் இல்லை. உள்ளே எடுத்து வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.