தாம்பாளத்தில் காய்ந்த வண்டுகள்

என் மருமகள் கலாவதி கோபியில் பட்டுப்புழு வளர்த்த வீட்டுப் பெண். கல்யாணமாகி அமெரிக்காவில் பிளானோவுக்கு வந்தும் பூச்சியை விடவில்லை. ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆப்பிரிக்க வண்டு வளர்த்துப் படித்தாள். கறுப்பு முதுகு, நாலு மஞ்சள் பொட்டு. மரக்காளானைத் தவிர எதையும் தின்னாது. அவள் பட்டம், விசா எல்லாம் அந்த வண்டை நம்பித்தான் இருந்தன.

தொண்ணூற்றெட்டாம் வருஷக் கோடையில், மூன்று நாள் விடுமுறை பார்த்து அங்கே ஏசி நின்றுவிட்டது. வண்டை வெளியே எடுத்து வரக் கூடாது என்பது கண்டிப்பு. வெந்து சாக விட மனசில்லாமல் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையல் மேடையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

காலையில், என்ன பெட்டி என்று தெரியாமல் திறந்தேன். காய்ந்த காளான் முழுக்க வண்டு. பருப்பில் வண்டு விழுந்தால் என்ன செய்வோமோ, அதையே செய்தேன். தாம்பாளத்தில் கொட்டி, அணில் வாய் வைக்காமல் வேட்டித் துணியை இறுக்கிக் கட்டி, பால்கனி வெயிலில் வைத்தேன்.

“அத்தை, பெட்டி எங்கீங்க?”

“வண்டு விழுந்திருந்துச்சு கண்ணு. காயப் போட்டிருக்கேன்.”

அவள் பால்கனிக்கு ஓடினாள். துணியை அவிழ்த்தாள். எல்லாம் மல்லாந்து கிடந்தன. தடித்த காளான் ஒன்றைப் பிய்த்தாள். உள்ளே அந்த வண்டின் குஞ்சுப் புழுக்கள் மூன்று நெளிந்தன.

“அங்கயே சூட்டுல செத்துப்போச்சுன்னு சொல்லிடு. யாரு பாத்தா?” என்றேன்.

“அப்படிச் சொன்னா இந்த மூணையும் எப்படிங்க கொண்டுபோய்க் குடுக்கறது? இங்க இருந்தா நாளைக்கு இதுவும் போயிடும்.”

“போனாப் போகுது! புழுவுக்கு இத்தனை பாக்கறியே, எனக்கு ஒரு பேரனைக் காட்டுனியா?”

“அதான் மூணு காட்டிட்டேனே அத்தை” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

புழுக்களை ஈரக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். “காயப் போட்டது நானு. நானும் வருவேன்” என்று காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஆய்வுக்கூடத்தில் ஏசி மறுபடி ஓடியது; அவளுடைய புரொபசரும் வந்திருந்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கையை நீட்டினார். ஆய்வுக்கூடச் சாவியைக் கேட்கிறார் என்று எனக்கே புரிந்தது. வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். அவர் புழுக்களை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

வாடி, போகலாம் என்று இழுத்தேன். அவள் நகரவில்லை. கதவுக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி நின்றாள்.

“தண்ணி ஜாஸ்தியா தெளிக்கறாருங்க அத்தை” என்றாள்.